இரண்டாவது ஜோதிமணி

முனிவேல் பார்த்ததெல்லாம் இரண்டாகிவிட்டது. ஓசூர் சர்வீஸ் ரோட்டில் பைக்கோடு விழுந்து தலையில் அடிபட்டதில், கண்ணை அசைக்கும் நரம்பு ஒன்று செயலிழந்து, இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. இப்படி ஆனவர்களுக்கு ஒன்று இரண்டாகத் தெரிவது வழக்கம்தான். இவன் விஷயத்தில் அந்த இரண்டாவதைப் பக்கத்தில் இருப்பவர்களும் கையில் எடுக்க முடிந்தது. ஒருமுறை இரண்டானது மறுபடி இரட்டிக்காது. கடவுள் அந்த மட்டில் யோக்கியர்.

சிப்காட்டில் அவன் கியர் சோதிக்கும் கம்பெனி மிகுந்த பரிவோடு மறுவாரமே அவனை வேலைக்கு அழைத்துக்கொண்டது. ஒரு கண்ணையும் மூடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை; மூடினால் கியர் இரண்டாகாது. சிறந்த ஊழியர் என்று சால்வை போர்த்தினார்கள். அதுவும் இரண்டாக, ஒன்றை மேனேஜர் எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து கண் டாக்டர், ஒரு தசையைத் தளர்த்தி இன்னொன்றை இறுக்கித் தைத்தால் கண் நேராகும், இரண்டும் ஒன்றாகச் சேரும் என்றார். மேனேஜர் பதறிப்போனார். "மாறுகண்ணு அதிர்ஷ்டம்பா! ஆண்டவன் குடுத்தத யாராச்சும் அறுப்பாங்களா?" தன் மகனின் மாறுகண்ணைப் போன வருடம்தான் பெங்களூரில் சரிசெய்துகொண்டு வந்திருந்தார்.

முனிவேலின் மனைவி ஜோதிமணி முதல் நாளே இரண்டாகியிருந்தாள். ஒருத்தி வீட்டைப் பார்த்தாள், மற்றவள் கம்பெனி பஸ் ஏறினாள். சாயங்காலம் இருவரும் ஒட்டி உட்கார்ந்து கன்னடத்தில் பேசிச் சிரித்தார்கள். தளிப் பக்கம் பிறந்தவளுக்கு இந்தத் தெருவில் மனம்விட்டுப் பேச ஆள் கிடைத்தது அப்போதுதான். முனிவேலுக்கோ தலைசுற்றலும் வாந்தியும். நேராக நிற்க முடியாமல் அழுதான்.

"பண்ணிக்கோ மாமா" என்றாள் ஒருத்தி.

"ஆனா எங்கள்ல யாரு போறது?" என்றாள் மற்றவள்.

டாக்டரைக் கேட்டார்கள். அதெல்லாம் நரம்புப் பிரிவில் கேட்க வேண்டும் என்று அவர் மாடியைக் காட்டினார். மாடியில் கண் பிரிவைக் காட்டினார்கள்.

அறுவை முடிந்து கட்டைப் பிரிக்கும்போது இருவரும் கைகோத்து நின்றார்கள். முனிவேல் கண் திறந்தான். கட்டிலருகே ஒருத்திதான் இருந்தாள். எட்டி அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"யாரு போனா?"

"யாரும் போவல மாமா. நவுந்து எடம் குடுத்துக்கினோம்."

அன்றே கம்பெனிக் கிடங்கு பாதி காலியானது. மாறுகண் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று மேனேஜர் கேட்டில் பலகை மாட்டினார். தெருவில் இப்போது ஜோதிமணி வந்தால், "அவங்க வந்துட்டாங்க" என்றுதான் சொல்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் பன்மை.