மூன்று மாடிக்கான உடம்பு

மச்சான் இளைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எப்படி இளைத்தேன் என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாரே, அதுதான் வினையாகப் போயிற்று. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வங்கியில் வேலை, காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். பகலில் ஒரு தட்டுப் பழம், ராத்திரிக்கு வெறும் சூப், அவ்வளவுதான் என்றார். தொப்பை இருந்த இடத்தைத் தட்டியும் காட்டினார்.

எனக்கும் இளைக்க வேண்டியிருந்தது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது என் வேலை. பீரோவும் ஃபிரிட்ஜுமாகச் சுமந்து படியேறிய முட்டிகள் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தன. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எடையைக் குறைங்க. ஆனா தசை கரையாம குறைங்க, உங்களுக்கு அது வேணும்" என்றார். முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது அவர் மேஜை மேலேயே கிடந்தது.

அந்த இரண்டாவது வாக்கியம் வேலையைவிட வீட்டுக்குத்தான் அதிகம் தேவை. விபத்துக்குப் பிறகு என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். தரைத்தள வீடுகளின் வாடகையைக் கேட்டாலே எனக்குத் தலை சுற்றும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளை இரண்டு கையிலும் ஏந்திக் கீழே கொண்டுபோவேன். மாடிப்படிக்கு அடியில் பூட்டி வைத்திருக்கும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தெருத்தெருவாகச் சுற்றுவோம். கடைக் கண்ணாடிகளை ஒன்று விடாமல் பார்ப்பாள், நாய்களோடு பேசுவாள், எவனாவது நடைபாதையில் வண்டியை நிறுத்தியிருந்தால் வாய் நிறையத் திட்டுவாள். வாரம் முழுக்க அவள் காத்திருப்பது அதற்குத்தான். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

சூப் குடித்துக் குடித்து பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனது. முட்டி வலியும் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பி மேலே ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் பிடி நழுவப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏறிப் பார்த்தேன். முடியவில்லை. அவளைப் படியில் உட்கார வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்தார். வேற்று மனிதர் கை பட்டதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"கொஞ்ச நாளைக்கு வேணாங்க. எனக்கு ஜன்னலே போதும்" என்றாள்.

போதும் என்றவள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கீழே புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறதாம், என்ன கடை என்று பார்த்து வரச் சொல்வாள். "பெரிய கடை" என்பேன். "பெரிசுன்னா? உள்ள என்ன இருக்கு? கதவு என்ன கலரு?" என்பாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படாது. பாதிப் பதிலில் அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். எனக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது. படியிறங்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கதவையும் தாண்டும்போதும் அந்த வீட்டு வம்பைக் காதோரம் கிசுகிசுத்துக்கொண்டே வருவாள். அது இல்லாமல் தினமும் தனியாக இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

வேலையில் என் கூட்டாளிக்கு நீளக் கழுத்து. ஒட்டகம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். அவன்தான் கேட்டான். "உங்க மச்சான் உக்காந்துக்கிட்டே இளைச்ச ஆளு. நீ பீரோவைத் தூக்கிக்கிட்டு இளைக்கணும். ரெண்டும் ஒண்ணா?"

சூப்பைத் தலைமுழுகினேன். அதற்காகப் பழையபடி வெளுத்துக் கட்டினால் முட்டி போய்விடும். மத்தியானம் முட்டையும் பயறும், ராத்திரி ஒரு துண்டு மீன், சோறு பாதி என்று நானாக ஒரு வழி பிடித்தேன். சில வாரம் போனதும், கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு அவளைத் தூக்கியபோது லேசாக இருந்தது. அடுத்த வாரம் இன்னும் லேசு.

"பாத்தியா, கை திரும்பி வந்துடுச்சு!"

"அப்ப ஞாயித்துக்கிழமை போலாமா?" என்றாள் உடனே.

போனோம். இறங்கினோம், சுற்றினோம், ஒரே மூச்சில் ஏறியும் வந்தோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் விசில்கூட அடித்தேன். மறு வாரமும் அப்படியே. ஜிம்முக்குப் போகிறவனுக்கு இரும்பு இருக்கிறது, எனக்கு அளந்து பார்க்க அவள்தானே இருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு வீட்டில் முதல் மாடிக்கு ஃபிரிட்ஜ் ஏற்றினோம். பாதியிலேயே என் பக்கம் கை விட்டுப்போய், ஒட்டகத்தின் கால் மயிரிழையில் தப்பியது.

"நேத்து பொண்டாட்டியை மூணு மாடி தூக்குனேன்னு பீத்திக்கிட்டியே. இது ஒரு மாடிதானேடா?"

அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. என் கை திரும்பி வரவில்லை என்றால், வேறு எது மாறியது?

வீட்டுக்குள் நுழைந்ததும் எடை மெஷினை இழுத்துப் போட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறினேன்.

"என்னங்க விளையாட்டு இது, இறக்குங்க" என்று சிரித்துக்கொண்டே சுவரைப் பிடிக்கப் பார்த்தாள்.

"சுவத்தைத் தொடாத."

முள் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. அவளைக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"மத்தியானச் சாப்பாட்டை என்ன பண்ற?"

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"உள்ள வர்ற பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போடறேன்."

அந்தப் பூனை ஏன் உருண்டு திரண்டு கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை, கட்டடத்துக்கே கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை.

"உங்க கை தேறி வர்ற வரைக்கும் என்னால இருக்க முடியல. வெளிய போகணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான். ஒரு தடவ தெருவைப் பாத்துட்டா அப்புறம் சாப்பிட்டுக்கலாம்னு நெனச்சேன். பாத்ததும் இன்னொரு தடவ பாக்கணும்னு ஆயிடுச்சு."

அவள் தோளைப் பிடித்துப் பார்த்தேன். கையை ஊன்றித் தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறிக்கொள்கிறவள், கொஞ்ச நாளாக அதற்கும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன். அந்தக் கையில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து ஒரே அடுப்பு, இரண்டு கணக்கு. அவள் ஏற வேண்டும், நான் கரைந்துவிடாமல் இறங்க வேண்டும். முட்டை இருவருக்கும் உண்டு, வெண்ணெய் அவள் ரொட்டிக்கு மட்டும். அதற்காக என்னைப் பார்த்துக்கொண்டே அவள் வெண்ணெய் தடவுகிற அழகு இருக்கிறதே! சாமான் தூக்கும் பட்டை ஒன்றைக் கட்டில் கம்பியில் கட்டிக் கொடுத்தேன், அதைப் பிடித்து இழுத்து இழுத்துக் கையைத் தேற்றினாள். சாயங்காலம் அவளை ஏந்திக்கொண்டு முட்டி அனுமதிக்கிற அளவுக்கு உட்கார்ந்து எழுந்தேன். முட்டி கொடுத்த ஆணைப்படி சில நாள் அதுவும் கிடையாது.

மச்சான் வந்தவர் என் தோளைப் பார்த்துவிட்டு, "இந்த டயட்டுக்கு என்ன பேரு?" என்றார்.

"உங்க தங்கச்சி."

"அதுல என்ன சாப்பிடணும்?"

"அவ சொல்றதை."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, இறங்கிப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். தூக்கியதுமே தெரிந்தது, நல்ல கனம். ஒரு மாடி இறங்குவதற்குள் தோள் எரிந்தது. மாடித் திருப்பத்தில் நாற்காலி ஒன்றை முன்பே போட்டு வைத்திருந்தேன், அதில் உட்கார வைத்தேன். கையை ஊன்றித் தானே நகர்ந்து பக்கத்து ஜன்னலில் முகத்தை வைத்தாள். எங்கள் வீட்டு ஜன்னலைவிட ஒரு மாடி கிட்டத்தில் தெரு. யாரோ யாரையோ கூப்பிடுவது பெயரோடு கேட்டது. ஒரே மூச்சில் அவளைக் கீழே கொண்டுபோய் அந்தக் கூட்டத்தின் நடுவில் விட்டுவிடவேண்டும்போல இருந்தது.

"முடியுமா?" என்றாள் திரும்பாமல்.

"இன்னிக்கு இவ்வளவுதான்."

அவள் கண்ணை மூடிக் காற்றை வாங்கிக்கொண்டு தெருச் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் இன்னும் கனமா இருப்பேன், தெரியுமில்ல?"

"இரு" என்றேன்.