ஒற்றை மஞ்சளா, இரட்டை மஞ்சளா

...கண்ணாடிதான், வேறென்ன, இந்த எஞ்சினின் முன்கண்ணாடியைத் துடைத்தவன் எண்ணெய்த் துணியால் துடைத்திருப்பான், அதனால்தான் நடைமேடையின் கடைசி விளக்கைச் சுற்றி இந்த வட்டம்... போன வாரமும் இதையேதான் சொன்னேன், அதற்கு முந்தின வாரமும் சொன்னேன், எஞ்சின்தான் நாளுக்கு ஒன்றாக மாறுகிறது, வட்டம் மாறவில்லை, எல்லா எஞ்சினையும் ஒரே ஆளா துடைக்கிறான்? பகலில் ஒரு குறையும் இல்லை, தண்டவாள ஓரத்தில் மேயும் ஆடுகளைக்கூட எண்ணிவிடுவேன், பொழுது சாய்ந்ததும்தான் இந்தக் கூத்து. தெருவிளக்கு, கேட் விளக்கு, எதிரே வரும் ரயிலின் முகப்பு விளக்கு, எல்லாம் ஆளுக்கொரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அலுத்துவிட்டது. வெறுமனே பார்ப்பதே இவ்வளவு பெரிய வேலையாகிவிட்டால் மனிதன் எப்போதுதான் ஓய்வெடுப்பது?

முதலில் தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன், விடுப்பு போட்டுத் தூங்கினேன், வட்டமும் என்னோடு தூங்கி எழுந்து வந்தது. அடுத்து மூக்குக்கண்ணாடியில் கீறல் என்று கடைக்காரரிடம் போய்க் கத்தினேன், கழற்றிவிட்டுப் பார்த்தாலும் வட்டம் இருந்தது, அதிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. கண் டாக்டரிடம் நேராகப் போகப் பயம், அதனால் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன், "இவளுக்குத்தான் டாக்டர், ராத்திரியில லைட்டச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுதாம்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார், கண் வறண்டு போனாலும் தெரியுமாம், சர்க்கரை ஏறினாலும் தெரியுமாம், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கண்புரை, அதற்குச் சின்ன ஆபரேஷன் போதுமாம், ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் கூடினாலும் இப்படித் தெரியும், தலைவலியோடு வானவில் மாதிரி வட்டம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள் என்றார். பிறகு அவள் கண்ணைச் சோதித்துவிட்டு, "இவங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு சார்?" படி இறங்கும்போது என் மனைவி சொன்னாள், "என் கண்ணு நல்லாருக்காம். அப்புறம் எப்படி உங்களப் பாத்துக் கழுத்த நீட்டினேன்னுதான் தெரியல." சிரித்தாள். வீடு வந்து சேர்ந்ததும் சிரிப்பெல்லாம் போய், "நீங்களே போய்க் காட்டுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

எனக்கு மட்டும் பயமில்லையா? அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, விளக்கைச் சுற்றி என்னமோ தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்களும் கேட்டுக்கொண்டே இருந்தோம், கண்ணழுத்தம் என்று கண்டுபிடித்தபோது பாதிப் பார்வை போயிருந்தது, இப்போது தட்டைத் தடவிப் பார்த்துச் சாப்பிடுகிறார். கண்புரை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஆனந்தக் கூத்தாடுவேன். ஆனால் அண்ணனுக்கு வந்த நோயாக இருந்துவிட்டால்... எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள், ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைவிளக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் எத்தனை நாளைக்கு? தெரியாமல் இருக்கிறவரை நான் டிரைவர். தலை வலிக்கிறதா என்று தலையையே கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிற டிரைவர்.

"பச்சை!" மைக் சொல்லிவிட்டாள். "பச்சை," என்றேன் நானும். மைக் என்பது என் துணை ஓட்டுநருக்கு டிப்போ வைத்த பேர், அவள் தொண்டை அப்படி. எங்கள் வேலையில் சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முதலில் பார்த்தவர் சொன்னதும் மற்றவர் தன் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சைக்குப் பிரச்சினை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மஞ்சள் எரிந்தால் வேகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு போகலாம், ஒரே மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பு, நிற்கத் தயாராக வேண்டும். எனக்கோ இரண்டும் வட்டம் கட்டி ஒட்டிக்கொண்டு ஒரே பூசணிக்காயாகத் தெரிகிறது, ஒன்றா இரண்டா என்று கிட்டே போனால்தான் பிரியும், கிட்டே போன பிறகு தெரிந்து என்ன பயன்? அதனால் சில மாதமாக ஒரு வழி வைத்திருக்கிறேன், அவள் சொல்லட்டும் என்று காத்திருப்பேன், சொன்னதும் நானும் பார்த்தவன் போல ஒரு மூச்சு இடைவெளி விட்டுச் சொல்வேன். அவளுக்கு என்மேல் தனி மரியாதை, "சாரோட வண்டின்னா நிம்மதி" என்று எல்லோரிடமும் சொல்வாளாம்.

இன்று ஏறும்போதே சொன்னாள், "பாப்பாவுக்கு ஜுரம் சார், ராத்திரி பூரா மடியிலயே வச்சிருந்தேன், கண்ணெல்லாம் எரியுது." நானும் அக்கறையாகத்தான் கேட்டுக்கொண்டேன், அது எனக்கும் சேர்த்து வந்த செய்தி என்று உறைக்கவில்லை. இதோ ஆற்றுப்பாலம் தாண்டியாயிற்று, தூரத்தில் மஞ்சள், பெரிய வட்டத்தோடு. ஒன்றா, இரண்டா? சொல்லம்மா. சொல்லேன். பின்னால் இத்தனை பெட்டி, ஜன்னலோரத்தில் தலைசாய்த்துத் தூங்குகிறவர்கள், எங்கே வருகிறோம் என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் அந்த மஞ்சளை நோக்கித்தான் போகிறார்கள்... இந்த இடத்தில், இந்த நேரத்துக்கு, எப்போதும் இரட்டைதான், நேற்றும் இரட்டை, அவள் வேறு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், "ரெட்டை மஞ்சள்," என்று சொல்லிவிட்டேன், நானே, என் வாயால். உடனே அவள் குரல், கணீரென்று, "ரெட்டை மஞ்சள்!" அப்பாடா. நிம்மதியாக அவள் பக்கம் திரும்பினேன். அவள் காலடியில் உருண்ட தண்ணீர் பாட்டிலைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் நிமிர்ந்தபோது சிக்னலைத் தாண்டிவிட்டிருந்தோம். என் கை தானாகவே பிரேக்குக்குப் போயிற்று.

"ஏன் சார் இவ்ளோ கொறைக்கிறீங்க? ரெட்டைதானே?"

"நீ பாத்தியாம்மா?"

"நீங்க பாத்துத்தானே சார் சொன்னீங்க?"

பிரேக்கை இன்னும் அழுத்தினேன், வளைவு திரும்பியது, சிவப்பு, வட்டத்தோடு, கொழகொழவென்று. அதற்கு வெகு முன்னாலேயே வண்டி முனகிக்கொண்டு நின்றது. "தெனமும் எல்லாம் உங்கள நம்பிச் சொல்றதில்ல சார்... கண்ணு சொக்குற அன்னைக்கு மட்டும்தான்," என்றாள், அவள் குரல் இவ்வளவு சின்னதாகக் கேட்டதே இல்லை. கண்ணு சொக்குற அன்னைக்கு மட்டும். அவள் கண்ணை நான் இரவல் வாங்குகிறேன் என்றுதானே இத்தனை நாள் நினைத்தேன், அவள் சொல்வாள் என்று நான் காத்திருந்தபோது, நான் சொல்வேன் என்று அவளும் காத்திருந்தாளா? எத்தனை மாலை, எத்தனை சிக்னல், யாருமே பார்க்காமல் இரண்டு பேரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு கடந்திருக்கிறோம்? எஞ்சினை அடுத்த பெட்டியில் ஏதோ ஒரு குழந்தை அழுவது கேட்டது, யாரோ சிரிப்பது கேட்டது. சொல்லிவிட வேண்டும், என் கண்ணைப் பற்றி, இப்போதே, இவளிடமாவது...

எதிரே சிவப்பு அணைந்து வேறு விளக்கு எரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். யாரும் வாய் திறக்கவில்லை.