கதவிடுக்கில் ஒரு முகம்

அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் தங்கும் இல்லம் எங்களுடையது. வண்டி ஓட்ட, சாமான் வாங்கிவர என்று தொண்டு செய்ய எவர் வந்தாலும், முதலில் முன்னறையில் உட்கார்ந்து என்னோடு டீ குடிக்க வேண்டும். அவர் குடித்து முடிப்பதற்குள் உள்ளே இருப்பவர்கள் சமையலறைக் கதவிடுக்கு வழியாக அந்த முகத்தைப் பார்த்துவிடுவார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாலும் ஆளை அனுப்பிவிடுவேன். காரணம் கேட்க மாட்டேன்.

தொண்டர்களைச் சேர்க்கப் போன் ஆப் ஒன்று செய்துகொடுக்க வந்த தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி உக்கார வைக்கிறீங்களேக்கா!"

நல்லவன்தான். காசு வாங்காமல் உழைத்தான். ஆப்பில் போட்டோவும் அடையாள அட்டையும் ஏற்றினால் தொண்டராகிவிடலாம். வேலை ஒன்று வந்தால் பக்கத்தில் இருக்கும் தொண்டரின் போனுக்குத் தகவல் போகும்; விலாசமும் கேட்டின் எண்பூட்டைத் திறக்கும் எண்ணும் கூடவே போகும். ஒரு வண்டிக்காக நாளெல்லாம் போனில் கெஞ்சித் தொண்டை கட்டிப்போன எனக்கு அது வரமாகத்தான் இருந்தது. ஆட்கள் குவிந்தார்கள். கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் வண்டி வந்தது. டீ குடிக்கத்தான் யாரும் வரவில்லை.

இல்லத்தில் தங்கியிருந்த தையற்காரி ஒருநாள் பல் டாக்டரிடம் போகவேண்டும். புருஷன் உடைத்த பல். வண்டி உள்ளே வந்து நின்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். தொண்டனாக வந்து இறங்கியவன் அவள் புருஷன்.

"வாடி, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். கையில் வீல் ஸ்பானர்.

முதல் அடியில் அவள் தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. குறுக்கே விழுந்தேன், என் முழங்கை நொறுங்கியது. அவன் அவள் முடியைப் பிடித்துப் படியில் மோதினான். மறுபடியும் மோதினான். சமையல்காரி கொதிக்கும் வெந்நீரைப் பாத்திரத்தோடு அவன் முதுகில் கொட்டாவிட்டால் அங்கேயே முடித்திருப்பான். அலறிக்கொண்டு ஸ்பானரைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறி ஓடிவிட்டான்.

போலீஸ் "பாக்கறோம்" என்றது. ஸ்பானரை எடுத்துப்போகக்கூட ஆள் வரவில்லை.

தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து, கம்பி போட்டுக் கட்டிய அவள் வாயைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். "ஆப்ப மூடிடறேன்கா."

எனக்கு ஆத்திரம் வந்தது. "எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவியாடா? கண்ணத் துடைச்சிட்டு அந்தக் கதவிடுக்க உள்ள வை."

வைத்தான். இப்போது புதிதாகச் சேருகிறவரின் போட்டோ முதலில் எங்கள் பெண்களின் போனுக்கு வருகிறது. அத்தனை பேரும் 'சரி' தட்டினால்தான் வேலையும் எண்ணும் போகும்.

முகங்கள் வந்தன, போயின. ஒரு சாயங்காலம் தையற்காரி போனோடு என்னிடம் வந்தாள். மழித்த மீசை, தடித்த கண்ணாடி, வேறு யாருடைய பெயரோ.

"அவன்தான்" என்றாள், கம்பிக்குள்ளிருந்து.

விலாசம் அவனுக்குத் தெரியும். கேட்டின் எண்ணைத்தான் நாங்கள் மாற்றியிருந்தோம். அதற்குத்தான் வருகிறான், ஆரம்பித்ததை முடிக்க.

"வேணாம்னு தட்டிட்டு போலீஸ்ல சொல்லலாம்மா."

"அன்னிக்கே சொன்னோமேக்கா. வேணாம்னா இன்னொரு பேர்ல வருவான். ரோட்டுல நிப்பான். எத்தன நாளைக்கு நான் கதவுக்குப் பின்னாடியே இருக்கறது?"

'சரி' தட்டினாள். சமையல்காரி தட்டினாள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் தட்டினார்கள். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் காலை, தையற்காரியை டாக்டரிடம் கூட்டிப்போகும் வேலையை அவனுக்கே அனுப்பினேன். சொன்ன நேரத்துக்கு வந்தான். எண்ணை அழுத்தி, கேட்டைத் திறந்து, சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு முன்னறையைத் தாண்டினான். சமையலறைக் கதவை அவனே தள்ளினான். உள்ளே அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் நின்ற தையற்காரியின் கையில் அவன் போட்டுவிட்டுப்போன ஸ்பானர்.

அவன் போட்ட முதல் கூச்சலில் நான் ஒற்றைக் கையால் கேட்டை மூடி எண்ணை மாற்றினேன். பிறகு முன்னறையில் உட்கார்ந்து, எங்கள் வழக்கப்படி ஒரு டீ குடித்தேன். மெதுவாகத்தான் குடித்தேன். குடித்து முடித்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டேன்.