உப்பு ராணியின் ஏழாவது விரல்

அண்ணன் அவளைக் குள்ளி என்று கூப்பிட ஆரம்பித்தபோது அவளுக்கு மூன்று வயது. பதினாறு வயதிலேயே அவனைவிட நாலு விரல் உயரமாகிவிட்டாள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது நாற்பத்தொரு வயதில், சொந்தமாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை, ஒன்பது வயதில் வாண்டு என்று ஒரு பெண், எல்லாம் வந்த பிறகும் அண்ணனுக்கு அவள் குள்ளிதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு கண்ணாடியின் மூக்குத்தாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எறும்புத் தலை அளவுக்கு ஒரு திருகாணி. அதை இடுக்கியில் பிடித்துத் துளையில் வைக்கப்போன நேரத்தில் கடைக்குள் நூலகத்து அம்மா வந்தார். தெருமுனையில் இருக்கும் நூலகத்தை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கையில் சுருட்டிய காகிதம்.

"இத உங்க கடைக் கதவுல ஒட்டிக்கலாமா? ஞாயித்துக்கிழமை மேல்மாடி ஹால்ல ஒரு பழைய குழந்தைங்க படம் போடுறோம். ரெண்டு காட்சி. மூணு மணிக்கு ஒண்ணு, அஞ்சரைக்கு ஒண்ணு."

காகிதத்தை மேசைமேல் விரித்தார். ஒரு மரக்கதவு. அதில் சாவித் துவாரம். துவாரத்தின் வழியே ஒரு வெள்ளை விரல் வெளியே வந்துகொண்டிருந்தது.

படத்தின் பெயரைப் படிக்கவே தேவையில்லை. திருகாணி இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் எங்கோ போய்விட்டது.

'உப்பு அரண்மனை' என்ற அந்தப் படத்தை அவள் பார்த்தது ஆறு வயதில். அண்ணனுக்கு அப்போது பத்து. அம்மா வேலை பார்த்த துணிக்கடைக்கு எதிரே தியேட்டர். குழந்தைகள் படம்தானே என்று இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு அம்மா வேலைக்குப் போய்விட்டாள். யாரோ பெரியவர்கள் குழந்தைகள்மேல் கோபத்தில் எடுத்த படம் போல இருந்தது அது. அம்மாவின் குரலைத் திருடிக்கொண்டு போன உப்பு ராணியைத் தேடி ஓர் அக்காவும் தம்பியும் அரண்மனைக்குள் போகிறார்கள். அங்கே யார் அழுதாலும் உப்புச் சிலையாகிவிடுவார்கள். ராணி அந்தச் சிலைகளை நக்கிப் பார்த்து, இது எந்த ஊர்க் குழந்தை என்று சொல்லுவாள்.

பிள்ளைகள் ஓர் அறையில் ஒளிந்துகொண்டு கதவைப் பூட்டிக்கொள்வார்கள். சாவித் துவாரத்தின் வழியே ராணியின் விரல் வரும். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தோடு நிற்காது. ஆறாவது வந்தபோது குள்ளி நாற்காலியைவிட்டு இறங்கினாள். ஏழாவது வந்தபோது நாற்காலிக்கு அடியில் இருந்தாள். படத்தின் மிச்சம் முழுவதையும் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்மையும் அண்ணனின் குதிகாலையும் பார்த்தபடி கழித்தாள்.

ஆனால் பயத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அக்காவும் தம்பியும் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நீதான் முழுசா பாத்தியே. சொல்லு."

அண்ணன் சொன்னான். ஒரே நாளில் இல்லை. சாயங்காலம் துவைத்த துணிகளை மடித்துவைப்பது அவர்கள் இருவரின் வேலை. சட்டைக்குச் சட்டை கதை நீண்டது. அந்த அக்கா ஏழாவது விரலைக் கடித்துவிட்டாள். ராணி அலறிக்கொண்டு ஓடிவிட்டாள். சமையலறை வழியாகத் தப்பிக்கும்போது அங்கே வால் இல்லாத ஒரு கழுதை. ராணியின் உப்பை எல்லாம் மூட்டையில் கட்டி விற்றுக்கொண்டிருந்தது அது. பொய் சொன்னால் விக்கல் வரும் அதற்கு. எப்போதும் விக்கிக்கொண்டே இருக்கும். படம் ஒன்றரை மணி நேரம்தான். அண்ணனின் கதை நாலு வருடம் ஓடியது. இத்தனையும் அந்த ஒன்றரை மணிக்குள் எப்படி அடங்கியது என்று குள்ளி ஒருநாளும் யோசித்ததில்லை. பிறகு வாண்டு பிறந்து, கதை கேட்கிற வயது வந்தபோது, அதே கழுதையை அவளுக்கும் சொன்னாள். எங்களுடைய சின்ன வயதில் வந்த படம் என்றுதான் சொன்னாள்.

சாயங்காலம் வாண்டு பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் பேக்கரி வைத்திருக்கிறான். பின்னால் மாவு பிசையும் இயந்திரம் இரைந்தது.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்துடு. உப்பு அரண்மனை போடுறாங்க."

அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"ஞாயிறா? ஞாயிறு ஓவன் ரிப்பேருக்கு ஆள் வருது."

"ஞாயித்துக்கிழமை யாரு ரிப்பேருக்கு வர்றா?"

"இந்த ஆளு வருவாரு. அதோட முட்டி வேற வலிக்குது. மாடிப்படி ஏற முடியாது."

"அங்க லிஃப்ட் இருக்கு."

"பழைய படம் குள்ளி. இப்ப பாத்தா நல்லாவே இருக்காது. நினைப்புல இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

இப்படிப் பிடிகொடுக்காமல் பேசுகிற ஆளில்லை அவன். கூப்பிட்டால் மாவுக் கையோடு வந்து நிற்பவன். குள்ளிக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் வாண்டுதான் போனைப் பிடுங்கி, "மாமா, நீங்க வரலன்னா நானும் போகல," என்றாள். அத்தோடு அவன் மடங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய பன்னோடு வந்து சேர்ந்தான். ஓவன் ரிப்பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மேல்மாடி ஹாலில் ஐம்பது மடக்கு நாற்காலிகள், சுவரில் ஒரு வெள்ளைத் திரை, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. முன்வரிசையில் குழந்தைகள் சலசலத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் குள்ளியின் வயதுக்காரர்கள் நிறையப் பேர், குழந்தைகளைவிட அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். வாண்டு நடுவில், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமா.

படம் தொடங்கியது. குள்ளிக்குச் சிரிப்பு வந்தது. அரண்மனைச் சுவர் அட்டை என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ராணி வேகமாகத் திரும்பினால் கிரீடம் அரை நொடி தாமதமாகத் திரும்பியது. காவல் வௌவால்களைத் தூக்கிப் பிடித்த நூல்கூடத் தெரிந்தது. இதற்கா முப்பத்தைந்து வருடம் பயந்தேன் என்று நினைத்தாள். அப்போது பிள்ளைகள் அறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டினார்கள்.

முதல் விரல் வந்தது. ஏதோ பஞ்சு அடைத்த கையுறை. கண்ணாடி விற்கிறவளுக்கு அதன் தையல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. இருந்தும், ஆறாவது விரல் வந்தபோது அவள் கால்கள் தாமாக நாற்காலிக்கு மேலே ஏறிக்கொண்டன. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. குள்ளி அசையாமல் பார்த்தாள். ஏழாவது விரலும் வந்தது. அதற்குப் பின்னால் வந்தது எதுவும் அவள் பார்க்காதது.

அந்த அக்கா விரலைக் கடிக்கவில்லை. பயத்தில் தம்பியின் வாயைப் பொத்தினாள். விரல்கள் அறையெல்லாம் தடவிவிட்டுத் திரும்பிப் போயின.

"கழுதை எப்பம்மா வரும்?" வாண்டு கிசுகிசுத்தாள்.

"வரும், பாரு."

சமையலறை வந்தது. கழுதை வரவில்லை. வால் உள்ள கழுதைகூட வரவில்லை. அதற்குப் பதில் தம்பிதான், அம்மாவின் குரல் ஒரு ஜாடிக்குள்ளிருந்து தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அழுதுவிட்டான். கால்விரலிலிருந்து மேலே மேலே வெள்ளையாகிக்கொண்டே வந்தான். அக்காவுக்கு அழக்கூட வழியில்லை. அழுதால் அவளும் சிலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஜாடியை எடுத்துக்கொண்டு, தம்பியின் தோளிலிருந்து உதிர்ந்த ஒரு பிடி உப்பை மடியில் முடிந்துகொண்டு, ஒற்றையாய் வீட்டுக்குத் திரும்பினாள். குரல் திரும்பிய அம்மா கேட்ட முதல் கேள்வி, "தம்பி எங்கே?" அதோடு படம் முடிந்தது.

விளக்கு போட்டபோது ஹாலில் பெரியவர்கள் பலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். குள்ளியும்தான். ஆனால் அவளுக்கு அழுகை வேறு காரணத்துக்காக. படத்தில் ஓர் உடன்பிறப்பு, இன்னொன்றை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. இதை ஆறு வயதுத் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று பத்து வயதுப் பையன் ஒருவன் தவித்திருக்கிறான். சொல்லாமல் மறைக்க, நாலு வருடம் ஒரு கழுதையைக் கட்டி மேய்த்திருக்கிறான்.

படிக்கட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிவு எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அப்படி எல்லாம் மாத்திச் சொன்ன? பத்து வயசுல உனக்கு எவ்வளவு பெரிய மனசு அண்ணா."

அண்ணன் தொண்டையைச் செருமினான். முகத்தில் பெரிய மனசுக்காரனின் களை ஒன்று மெல்லப் பரவியது. "ஆமா... நீ சின்னப் பொண்ணு இல்லையா..." என்று தொடங்கினான்.

"மாமா படமே பாக்கல," என்றாள் வாண்டு.

"என்ன?"

"அந்த விரல் வந்ததுலேர்ந்து கண்ண மூடி, காதப் பொத்திட்டுதான் இருந்தாங்க. நான் மூணு தடவ பாத்தேன். மூணு தடவையும் கண்ணு மூடித்தான் இருந்துச்சு."

குள்ளி படியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா. அன்னைக்கும் இப்படித்தானா?"

பூசி மெழுக இனி வழியில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"முதல் விரலுக்கே மூடிட்டேன். நீயாவது ஆறாவது வரைக்கும் தாங்கின. காதையும் பொத்திக்கிட்டேன். வீட்டுக்கு வந்தா நீ சொல்லு சொல்லுன்னு பிடுங்கி எடுத்துட்ட. தெரியாதுன்னு சொல்ல வெக்கம். அதான் வாய்க்கு வந்தத அள்ளி விட்டேன்."

"நாலு வருஷமா?"

"நீ விட்டாத்தானே."

குள்ளி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. இறங்கி வந்த ஒரு தம்பதி ஒதுங்கிப் போனார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் அசட்டுத்தனமாக. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சரி, கடைசியில என்னதான் ஆச்சு? அந்தப் பையன் தப்பிச்சானா?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். நாற்பத்தைந்து வயது ஆள், காதோரம் மாவு ஒட்டியிருக்க, பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்லபடியாக முடிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அவன் நம்பிவிடுவான். ஆனால் அது சரியாகப் படவில்லை.

"அஞ்சரைக்கு இன்னொரு காட்சி இருக்கு," என்றாள்.

"குள்ளி, ஆள விடு."

"நான் பக்கத்துல உக்காருறேன். இந்தத் தடவ கண்ணத் திறந்துவெச்சுக்க."

இடையில் இருந்த நேரத்தில் நூலக வாசலில் நின்று மூவரும் பன்னைத் தின்று தீர்த்தார்கள். அண்ணன் மட்டும் நாலு சாப்பிட்டான். பயம் வந்தால் பசிக்கும் என்றான். டிக்கெட் கிழித்த நூலகத்து அம்மா, "மறுபடியுமா?" என்றார். "இவருக்கு முதல் தடவைங்க," என்றாள் குள்ளி.

சாவித் துவாரம் வந்தபோது அவன் அவள் கையைப் பிடித்த பிடியில், கையெலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. "மூடாத, மூடாத," என்று வாண்டு அந்தப் பக்கத்திலிருந்து மந்திரம் போல ஓதினாள். நாலாவது விரலில் ஓர் இமை இறங்கியது. இன்னொன்று தாக்குப்பிடித்தது. ஏழும் வந்து போன பிறகு அவன் நீளமாக மூச்சு விட்டான். "என்னோட ஓவன் கையுறை மாதிரியே இருக்கு," என்றான். பின்வரிசையில் யாரோ உஸ் என்றார்கள்.

தம்பி வெள்ளையாகத் தொடங்கியபோது அவன் கன்னம் நனைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கடைசி எழுத்து ஓடி முடியும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

திரும்பும்போது குள்ளிதான் வண்டி ஓட்டினாள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. மூன்றாவது தெருவில் அண்ணன் தொடங்கினான்.

"அந்த ஜாடி இருக்கே. அதை அந்த அக்கா முதல் மாடியிலேயே பாத்துட்டா. கவனிச்சியா? மேல இருந்துச்சு, அலமாரியில."

"இல்லையே. எப்ப?"

"ராணி கண்ணாடி பாத்துக்கிட்டு இருக்கும்போது. பின்னாடி. நீ என்ன பாத்த அப்படி?"

"நான் அவ கிரீடம் ஆடுறதப் பாத்துட்டிருந்தேன்."

"அப்பவே எடுத்திருந்தா அந்தப் பையன் தப்பிச்சிருப்பான்."

"அவ கைக்கு எட்டாது அண்ணா. உயரம் பத்தாது."

"தம்பியத் தூக்கிவிட்டிருக்கணும்."

"தம்பி வழுக்கி விழுந்தா?"

பின் இருக்கையில் வாண்டு தூங்கிப்போனாள். அவர்கள் இருவரும் கிரீடத்தைப் பற்றியும், வௌவால் நூலைப் பற்றியும், அந்த அம்மா கடைசியில் அப்படிக் கேட்டிருக்கலாமா என்பதைப் பற்றியும் வாதாடிக்கொண்டே போனார்கள். ஒரே படத்தை ஒன்றாகப் பார்த்த இரண்டு பேர் பேசிக்கொள்வது போல அந்தப் படத்தைப் பற்றி அவர்கள் பேசியது அதுதான் முதல் முறை. அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் இருபது நிமிடம் அவன் இறங்கவில்லை.