மேடு ஏறும் மூக்குத்திப் பாட்டு

செரம்பானுக்குப் போகும் பெரிய சாலையில் மகனுடைய காரில் உட்கார்ந்து வரும்போதெல்லாம், கோலா சாவா திருப்பம் தாண்டியதும் மயிலம்மாள் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். சாமி பேர் சொல்கிறாள் என்று மருமகள் நினைத்துக்கொள்வாள். சாமியுமில்லை, பூதமுமில்லை. அது மூக்குத்திப் பாட்டு. அந்தப் பாட்டைக் கொண்டுதான் ஒரு காலத்தில் ஒரு லோரியின் பின்னச்சுக்குப் பல்சக்கரம் பொறுக்கினார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யார் நம்பப் போகிறார்கள்?

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தோராம் வருஷம் நடந்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டாயிற்று. ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். வேலிக்கு வெளியே நாலு மைல் தள்ளி இருந்த புதுக்கணக்குப் பிரிவு மரங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போய், பால் பீப்பாய்களோடு திருப்பிக் கொண்டுவருவது ஒரே ஒரு லோரி. அதை ஓட்டியது மயிலம்மாளின் புருஷன் இராஜமாணிக்கம்.

தோட்டம் முழுக்க அவனுக்கு ஏரோப்ளேன் என்று பட்டப்பெயர். அந்தப் பெயரில் அவனுக்கு இருந்த பெருமை பெற்ற பிள்ளைமேல்கூட இல்லை.

திரும்பும் வழியில் வழுக்குமேடு என்று ஒரு ஏற்றம். பாதி மேட்டில் ஒரு வளைவு, வளைவுக்கு இரண்டு பக்கமும் ஆளுயர லாலாங் புல், அதற்குப் பின்னால் காடு. பக்கத்துத் தோட்டத்து லோரி ஒன்று அப்படிப்பட்ட ஒரு மேட்டில் நின்றுபோய், நின்ற இடத்திலேயே சுடப்பட்டு எரிந்திருந்தது. அதனால் அடிவாரம் வந்ததுமே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். பயத்தை மறக்க ஒரு பாட்டு பிடித்துக்கொண்டார்கள். புருஷனிடம் ஒருத்தி நகை கேட்கிற பாட்டு. முதல் அடியில் மூக்குத்தி, அப்புறம் தோடு, அட்டிகை, வளையல், கடைசியில் கொலுசு. தோடு கேட்கும்போது வளைவு வரும், அட்டிகை கேட்டு முடிக்கும்போது உச்சி வந்துவிடும். வளையலும் கொலுசும் கேட்க வாய்ப்பே கிடைத்ததில்லை.

மழைக்காலம் வந்தது. மண் சடக்கு, அதாவது சாலை, சேறாகி லோரி புதைந்தது. தோட்டத்து மானேஜர் தொரை எங்கிருந்தோ பட்டாளத்துப் பெரிய டயர்களை வாங்கிவந்தார். அவை உள்ளே நுழைய வேண்டுமே என்று வில்பட்டைக்கு மேலே கட்டை கொடுத்து லோரியின் உடம்பையே தூக்கினார்கள். போதாததற்குக் குண்டு துளைக்காமல் சுற்றிலும் இரும்புத் தகடு. சேற்றில் லோரி யானை மாதிரி போனது. மேட்டில் மட்டும் சீக்குக்காரன் மாதிரி இளைத்தது. வளைவில் மூச்சுத் திணறி ஒரு கணம் நிற்கும், இராஜமாணிக்கம் கியரை முதலாவதுக்கு மாற்றுவான், பிறகுதான் நகரும். கொலுசு கேட்டுமுடித்தாலும் உச்சி வரவில்லை.

தோட்டத்து மெக்கானிக் கணேசமூர்த்தி பழைய இரும்புக் குவியலில் பின்னச்சில் பூட்டுகிற இரண்டு ஜோடிப் பல்சக்கரங்களைத் தேடி எடுத்தான். எண்ணும்போது குழம்பாமலிருக்க முதல் பல்லுக்குக் குங்குமம் வைத்துவிட்டு எண்ணினான். ஒரு ஜோடியில் சின்னதுக்கு ஆறு பல், பெரியதுக்கு நாற்பது. இன்னொன்றில் ஐந்துக்கு முப்பத்தாறு. லோரியில் இருந்ததோ ஆறுக்கு முப்பத்தேழு.

ஆபீஸ் குமாஸ்தாவான யாழ்ப்பாணத்துக் கிராணி சிவசிதம்பரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கணக்குப் போட்டார்.

"பழைய டயர் முப்பத்துநாலு அங்குலம், இது நாப்பது. சில்லு பெருத்தால் ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும், இழுவை குறையும். பழைய இழுவை திரும்ப வேணுமெண்டால் இஞ்சின் தண்டு ஏழேகால் தரம் சுத்தச் சில்லு ஒரு தரம் சுத்த வேணும். அஞ்சுக்கு முப்பத்தாறுதான் சரி."

"இந்தத் தகட்டுப் பாரத்தோட அதப் போட்டா லோரி மாட்டு வண்டிதான் ஐயா," என்றான் இராஜமாணிக்கம். "சமதரையில ஓட முடியாது. காட்டோரம் ரெண்டு மைலு இருக்கு. பறந்து போனாதான் தப்பிக்கலாம். நாப்பது பல்லே போதும்லா."

தொரையும் வேகத்தின் பக்கம்தான். ஆனால் மேட்டில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். கைக்கடிகாரம் இருந்தது கிராணியிடம். கிராணி வழுக்குமேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார், கடிகாரத்தைக் கழற்றிக் கொடுக்கவும் மாட்டார். ஆகவே பாட்டை வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எண்ணிச் சொல்லும் பொறுப்பு மயிலம்மாளுக்கு.

நாற்பது பல்லைப் பூட்டி ஓட்டிய நாளில் நல்ல வெயில். முன்னால் போலீஸ் ஜீப் வேறு. அடிவாரத்திலிருந்தே வேகம் பிடித்து ஏறினான். அட்டிகை கேட்டுமுடிக்கும்போது உச்சி வந்துவிட்டது. மயிலம்மாள் இறங்கி ஓடிவந்து, "அட்டிகையோட சரி, பழையபடி ஆயிருச்சு," என்று சொன்னாள். ஏரோப்ளேனின் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது.

எட்டாம் நாள் மழையில், பீப்பாய் நிறையப் பாலோடு திரும்பும்போது, லோரி வளைவில் திணறியது. கியர் மாற்றிய அந்த ஒரு கணத்தில் பின்னால் சறுக்கியது. பெண்கள் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். லாலாங் அசையும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கு யாரும் சுடவில்லை. அது அவர்கள் செய்த புண்ணியம்.

சேற்றில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மயிலம்மாளுக்கு உறைத்தது. ஜீப் முன்னால் போன அன்று எவளுக்கும் பயமில்லை. கல்யாண வீட்டில் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடினார்கள். மற்ற நாளில் பயத்தில் படபடவென்று பாடுவார்கள். பாட்டு நீண்டதால் மேடு குறுகிவிட்டது. அதைத் தான்தான் சரி என்று சொன்னோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். "நான் எண்ணுனது தப்புங்க. அந்தக் கிராணி சொன்னதயே போட்டுருங்க."

"அதப் போட்டா ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நீங்க முன்னால பாத்து ஓட்டுறீங்க. நாங்க பின்னால குந்திக்கிட்டு, லோரி நிக்கப்போவுதா நிக்கப்போவுதான்னு பாத்துக்கிட்டு வர்றோம். பதினேழு பொம்பளைங்க இருக்கோம்."

அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். விடிந்ததும் எழுந்து நேரே கணேசமூர்த்தியிடம் போய், "மாட்டு வண்டியப் பூட்டு," என்றான். அவன் தன் வாழ்நாளில் விழுங்கியதிலேயே கசப்பான மருந்து அதுதான். அதற்காகவே அவன்மேல் மயிலம்மாளுக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது.

ஏரோப்ளேன் என்ற பெயர் ஒரே வாரத்தில் நத்தை ஆயிற்று. சுவா ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த லோரிக்காரன் ஒருவன், இறங்கி நடந்தே இவனை முந்திக் காட்டினான். மேட்டில் மட்டும் லோரி இரண்டாம் கியரிலேயே, மாற்றாமல், நிற்காமல், நிதானமாக ஏறியது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பகல்நேரம், அடிவாரத்தில் மூக்குத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே காட்டிலிருந்து துப்பாக்கி வெடித்தது. தகட்டில் கல்மழை விழுவதுபோல் சத்தம். பெண்கள் குப்புற விழுந்தார்கள், பாட்டு நின்றுபோனது. முன்னால் கண்ணாடி உடைவதும், இராஜமாணிக்கம் ஒரு தரம் கத்துவதும் கேட்டது. அப்புறம் அவன் குரலே இல்லை. லோரி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

உயிரோடிருக்கிறானா என்று தெரியவில்லை. எட்டிப் பார்க்க வழியில்லை. மயிலம்மாள் தகட்டில் வாயை வைத்து, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தாள். படபடக்க வந்த பாட்டை இழுத்துப் பிடித்து, நடை தப்பாமல் பாடினாள். ஒரு தரம் பாட்டுப் பிசகிப் பட்டது போதும் என்றிருந்தது அவளுக்கு. தோடு கேட்டாள். லோரி வளைவில் திரும்பியது. அப்போதுதான் அவன் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டாள். பக்கத்தில் குப்புறக் கிடந்த முத்தாயியும் சேர்ந்துகொண்டாள், பிறகு எல்லோரும். அட்டிகை கேட்டு முடித்தபோது உச்சி வந்தது, சத்தம் பின்னால் போய்விட்டது.

செரம்பான் ஆஸ்பத்திரியில் இடது கை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான். மயிலம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் அந்தக் கையைக் கண்ணால் காட்டினான்.

"மொத வெடியிலயே இது வுழுந்துருச்சு. கியரு போடுற கை. நாப்பது பல்லு இருந்திருந்தா வளைவுல கியரு மாத்தணும். எந்தக் கையால மாத்துறது?"

அவள் போர்வையை அவன் மார்புவரை இழுத்துவிட்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒன் பாட்டுதான் காதுல வுழுந்துச்சு. தோடு, அட்டிகை, இன்னும் கொஞ்சம்னு சொல்லிக்கிட்டே புடிச்சிருந்தேன். வளையலு கேக்குறதுக்குள்ள ஏறிட்டேன் பாரு."

"கேட்டிருப்பேன்," என்றாள் மயிலம்மாள், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்கதான் விடல."

இப்போது வழுக்குமேட்டை வெட்டிச் சமமாக்கிச் சாலை போட்டுவிட்டார்கள். இராஜமாணிக்கம் போயும் வருஷம் பதினாறு ஆகிறது. மகன் கார் அந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறது. மயிலம்மாள் மூக்குத்தி கேட்டு முடிப்பதற்குள் மேடு போய்விடுகிறது.

"கொஞ்சம் மெதுவா போயேன்பா," என்பாள் மகனிடம்.

"ஏம்மா, தலை சுத்துதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவன் வேகம் குறைத்ததும் தோட்டிலிருந்து தொடர்வாள்.