மாத்திரையை நிறுத்தச் சொன்ன பிறகு

அன்று காலை பிளம்பர் தன் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மனைவி டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் உயிரியல் எடுப்பவள். வீட்டிலும் அவருக்கு அவள் "டீச்சர்"தான்.

"ஊருல ஒரு வீடு ஒழுகாது. நம்ம வீட்டுல மட்டும் சொட்டுது."

"கூலி குடுக்காத வீட்டுல அப்படித்தான். லைட்டை நேரா பிடிங்க டீச்சர்."

"உங்க வேலையைவிடப் பெரிய வேலை இங்க நடக்குது," என்று வயிற்றைத் தொட்டாள். கரு தங்கியதும் சினைப்பை ஒரு ஹார்மோனை விடாமல் சுரக்குமாம். அதன் பேச்சைக் கேட்டுக் கருப்பைச் சுவரில் புதுப்புது ரத்தக்குழாய்கள் கிளைக்குமாம். அவளுக்கு அது போதவில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். காலையில் அதைப் பிரித்து அவள் கையில் வைப்பது அவர் பொறுப்பு.

"அப்போ உள்ள பைப் லைன் இழுத்துட்டிருக்காங்கன்னு சொல்லுங்க," என்று தொட்டிக்கடியிலிருந்து சிரித்தார்.

மதியம் ஸ்கேனில் துடிப்பு இல்லை.

மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னார் டாக்டர். நிறுத்தினால் அந்தக் குழாய்கள் சுருங்கிவிடும், கரு தானாக வெளியேறிவிடும் என்றார்.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் அவர் கை மாத்திரையைப் பிரித்துவிட்டது. பிரித்த பிறகுதான் உறைத்தது. மறைப்பதற்குள் அவள் வாங்கி விழுங்கிவிட்டாள். அடுத்த நாளும் கை நீட்டினாள். அவரும் கொடுத்தார்.

"தெரியாம கேக்கலைங்க. பிள்ளைங்களுக்கு இந்தப் பாடம் எடுக்கிறதே நான்தான்," என்றாள். "நிறுத்தினா, நானே கதவைத் திறந்து போன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டிலும் குரல் கொடுக்காமல் அவர் வால்வை மூடியதில்லை. உள்ளே யாரோ முகத்தில் சோப்போடு நிற்கலாம்.

"ஒரு குரல் குடுத்துட்டு மூடலாமா ம்மா?" என்றார்.

அவள் வயிற்றில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தாள். அவர் காதில் விழவில்லை. விழவேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. மறுநாள் அவள் கை நீட்டவில்லை.

எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ரத்தம் பரிசோதித்தார்கள். ஸ்கூட்டரோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர், "என்ன சொன்னாங்க?" என்றார்.

"கரு இருந்தா சுரக்கிற வேற ஹார்மோன் ஒண்ணு, ரத்தத்துல இன்னும் கொஞ்சம் இருக்காம். மெல்லத்தான் இறங்குமாம்."

"இறங்கட்டும். என்ன அவசரம்."

அவள் பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் வேகத்தடை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவள் உண்டாகியிருப்பது தெரிந்த நாளிலிருந்து செய்வதுபோலவே, அவர் இரு கால்களையும் தரையில் ஊன்றி, வண்டியை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார்.