தமிழ்மதி விடுகிற தப்பு

அருள்நாதனிடம் சரியான விடையைச் சொல்லி யாரும் நல்ல பெயர் வாங்கிவிட முடியாது. மனுஷனுக்கு வேண்டியது தப்பு. பிள்ளைகள் கணக்கில் எங்கே, எதனால் தப்பு விடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி சொல்லிக்கொடுக்கும் கணினி வாத்தியார் ஒன்றை உருவாக்குவதிலேயே தலை நரைத்துப்போனவர். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைப் பிள்ளையிடம் பின்னக் கணக்குக் கேட்பார். சொந்தக்காரர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ.

அந்த வாத்தியாரை டேப்லெட்டில் ஏற்றி, வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். வீட்டுக்கும் கொண்டுபோகலாம். தப்பாகப் போட்டால் அது திட்டாது. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொறுமையாக வழி காட்டும். சரியாகப் போட்டால் அடுத்த பாடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

ஆடி மாதத்தில் அவருடைய கணினிக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. தமிழ்மதி என்ற பிள்ளை பின்னக் கூட்டலிலேயே மாதக்கணக்காக நிற்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதோடு மேலே இருப்பதையும் கீழே இருப்பதோடு கீழே இருப்பதையும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்கிறது. எத்தனை சொன்னாலும் அதே பதில். அருள்நாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் வாத்தியாரால் ஒரு பிள்ளையைக் கரையேற்ற முடியவில்லையா? தலைமையாசிரியை கமர்ஜஹானுக்குப் போன் போட்டார்.

“தமிழ்மதியா? அந்தப் புள்ள பங்குனியிலயே காய்ச்சல்ல தவறிப் போச்சே சார். டேப்லெட்டத் திருப்பி வாங்கப் போக எங்களுக்கு மனசு வரல.”

“நேத்து சாயங்காலம்கூட கணக்குப் போட்டிருக்கே டீச்சர்.”

கமர்ஜஹான் பிள்ளையின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

வேறு யாரோ விளையாடுகிறார்கள் என்று அருள்நாதன் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் டேப்லெட் அனுப்பிய பதிவுகள் வேறு கதை சொல்லின. தப்பு விடும் விதம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. இந்தப் பிள்ளை கீழ் எண்ணுக்கு முதலில் ஆறைத் தொடும், அழிக்கும், கொஞ்சம் தயங்கி ஐந்தைத் தொடும். பங்குனிக்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். செத்துப்போன பிள்ளை வந்து கணக்குப் போடுகிறதா? பட்டப்பகலில் அறைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டார் பேராசிரியர்.

மறுநாள் அந்த வீட்டுக்கே போனார். தமிழ்மதியின் அம்மா மலர்விழி பூப்பறித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்லெட்.

“இத வாங்கத்தானே சார் வந்தீங்க?”

“இல்லம்மா. யாரு கணக்குப் போடுறதுன்னு பாக்க வந்தேன்.”

“நாந்தான். தெனமும் அவ பக்கத்துலதான் உக்காந்திருப்பேன், எப்படிப் போடுவான்னு அம்புட்டும் தெரியும். காரியம் முடிஞ்ச அன்னைக்கு இத எடுத்தேன். ‘தமிழ்மதி, வந்துட்டியா’ன்னு கேட்டுச்சு. வீட்ல யாரும் அவ பேரச் சொல்றதில்ல சார். சொன்னா நான் அழுவேனாம். இது ஒண்ணுதான் கூப்பிடுது. தப்பாப் போட்டா மறுபடி கூப்பிடும். சரியாப் போட்டா அடுத்த பாடத்துக்குப் போயிரும். அது எம்புள்ள படிக்காத பாடம். அவள விட்டுட்டு நான் எப்படிப் போறது?”

பேய் இல்லை என்று தெரிந்தும் அருள்நாதனின் பயம் தணியவில்லை. மலர்விழி கணக்கைத் தொட்டுக் காட்டிய அந்த விரலில் தமிழ்மதி இருந்தாள். ஆறைத் தொட்டாள், அழித்தாள், தயங்கினாள்.

“இப்படித்தான் சார் போடுவா,” என்று அவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மலர்விழி விரலை வைத்தாள். கை தானாக ஆறில் ஐந்து என்று போட்டுவிட்டது.

“சபாஷ் தமிழ்மதி. அடுத்த பாடத்துக்குப் போகலாமா?” என்றது டேப்லெட். ‘போகலாம்’ என்ற பொத்தான் மட்டும் திரையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் ஒன்று வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அருள்நாதனுக்குத் தோன்றியதே இல்லை.

மலர்விழி சட்டென்று விரலை எடுத்தாள். “தெரியாமப் போட்டுட்டேன். பழையபடி ஆக்கிக் குடுங்க சார்.”

“ஆக்கலாம்மா. ஆனா மறுபடியும் சரியாத்தான் வரும். உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.”

“எனக்கு எதுக்கு சார் தெரியணும்?” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள். “அந்தப் பாடத்துலயும் அவ பேரச் சொல்லுமா?”

“சொல்லும்.”

பொத்தானைத் தொட்டாள். தசம எண்கள் வந்தன. 0.5, 0.25, இரண்டில் எது பெரியது?

மலர்விழி டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

“இதுல எம்புள்ள எங்க தப்பு விட்டிருப்பா சார்?”

அவர் ஆயுசெல்லாம் தேடியது அதைத்தான். எந்த மாநாட்டிலும் யாரும் அதை இப்படிக் கேட்டதில்லை. தமிழ்மதியை அவர் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

“அஞ்ச விட இருபத்தஞ்சு பெருசுன்னு நெனச்சிருப்பா,” என்றார். 0.25-ஐக் காட்டினார். “இதத் தொடுங்கம்மா.”